மைத்துனன் பெயரில் ஒரு குப்பி ரத்தம்

"பேரு?" என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்.

வாத்தியார் "அது... வந்து..." என்று இழுத்தார். ஐம்பத்துநாலு வயதில் தன் பெயரைச் சொல்லவே இப்படித் திணற வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை. முகத்தில் மாஸ்க் இருந்தது, தலையில் காதுவரை இழுத்துவிட்ட தொப்பி இருந்தது. ஆனால் வம்பு முகத்தில் இல்லை, பெயரில் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூலுக்கு அவர் பெயர்தான். கார் கூரைமேல் ஒரு முழ எழுத்தில் அது தினமும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ, எப்போதோ இரண்டு பேருடைய குப்பிகள் மாறிப்போனதிலிருந்து, பெயரையும் டெஸ்ட்டையும் சேர்த்து மைக்கில் கூப்பிடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவர் எடுக்க வந்த டெஸ்ட், ஆண்களுக்கான ஹார்மோன்.

"சார், பேரு? வியாழக்கிழமைன்னாலே கூட்டம், சீக்கிரம் சொல்லுங்க."

வாயில் முதலில் வந்தது மைத்துனன் பெயர். அதையே சொல்லிவிட்டார்.

அவள் விசைப்பலகையைத் தட்டினாள். "ஏற்கெனவே இருக்கே. போன வருஷம் சர்க்கரைக்குக் குடுத்திருக்கீங்க. அதே போன் நம்பர்தானே? ரிசல்ட் அதுக்கே வந்துரும்."

"ஆமா" என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'ஆமா' எங்கே போய் முட்டும் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் பின்னால் நின்றவர் ஃபைல் முனையால் முதுகில் இடித்தார். ரிவர்ஸ் எடுக்க இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் மைத்துனனின் பெயரும் ஹார்மோன் டெஸ்ட்டும் கூடம் முழுக்க முழங்கின. இருபது தலைகள் திரும்பின. வாத்தியார் மைத்துனனைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நடந்தார். மானம் போனது தன்னுடையது இல்லை என்பதில் ஒரு சின்ன திருப்தி கூட இருந்தது.

எல்லாம் காரில் ஆரம்பித்த வினை. கற்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. இருபத்தாறு வருஷமாக அந்த பிரேக்தான் அவருக்கு வேலை, மரியாதை, எல்லாம். சில மாதங்களாகச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் தானாகச் செருகியது. ஒருநாள் இறக்கத்தில் வங்கி அம்மா ஒருவர், "சார், பிரேக் போடட்டுமா?" என்று கேட்க, பதிலுக்குக் குறட்டை வந்தது. இன்னொரு நாள் ஒரு தையல்காரர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பிசகாமல் பின்னால் எடுத்தார். வாத்தியார் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"என்ன சார், இடிச்சிட்டேனா?"

"இல்லீங்க... அழகா எடுத்தீங்க."

தையல்காரர் பயந்துபோய் வேறு ஸ்கூலுக்கு மாறிவிட்டார்.

மைத்துனனும் அதே ஸ்கூலில் கூட்டாளி, இரண்டாவது காருக்கு வாத்தியார். ஐந்து வயது இளையவன். வாரம் தவறாமல் மீசைக்கு மை பூசுவான். "எனக்கெல்லாம் வயசு ஏறாது மாமா, வண்டிக்குத்தான் ஏறும்" என்பான். குறட்டை விஷயம் தெரிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை வண்டியில கண்ண மூடினீங்க, ஆபீஸ் நாற்காலிதான். ஃபாரம் நிரப்பிட்டு உக்காருங்க."

அந்த நாற்காலிக்கு பிரேக் கிடையாது. அதற்குப் பயந்துதான் வாத்தியார் டாக்டரிடம் போனார்.

"பொம்பளைங்களுக்கு மாதிரி ஹார்மோன் சட்டுனு நிக்காது. ஆம்பளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்" என்றார் டாக்டர். "தூக்கம் கெட்டாலும் தொப்பை போட்டாலும் இன்னும் இறங்கும். காலையில போய் ரத்தம் குடுங்க. குறைவா வந்தா இன்னொரு நாள் காலையில மறுபடி குடுக்கணும், ஒரே தடவையில நான் முடிவு கட்ட மாட்டேன். விளம்பரத்த பாத்து எதையும் வாங்கி முழுங்காதீங்க. முக்கியமா, வீட்ல சொல்லுங்க."

கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாத்தியார் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை. மைத்துனன் டீ வாங்க வெளியே போயிருந்தான், போன் மேஜைமேல் இருந்தது. செய்தி வந்தவுடன் அழித்துவிடலாம் என்று வாத்தியார் அதைக் கையில் எடுத்தார். பூட்டியிருந்தது.

"என் போன்ல என்ன மாமா பாக்குறீங்க?"

"மணி."

மைத்துனன் அவர் தலைக்குமேல் பார்த்தான். சுவரில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கடிகாரம் தொங்கியது.

"அது ஓடுதா?"

"டிக்டிக்னு காது கிழியுது!"

அந்த நேரம் பார்த்து போன் அவர் கைக்குள்ளேயே அதிர்ந்தது. மைத்துனன் வாங்கிப் படித்தான். அவன் பெயருக்கு நேரே, ஹார்மோன் குறைவு என்று இருந்தது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ வடிந்துபோய், மீசை மட்டும் தனியாகத் தெரிந்தது. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். இருபது நிமிஷம் வரவில்லை.

'நான் எப்ப ரத்தம் குடுத்தேன்?' என்று அவன் உள்ளேயிருந்து கத்துவான் என்று வாத்தியார் எதிர்பார்த்தார். அதற்கு மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தார். கத்தல் வரவே இல்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தவனைத் தேற்றப் பார்த்தார். "இந்த லேப்காரங்க சில நேரம் தப்பு பண்ணிருவாங்க மாப்ள."

"லேப்புன்னு நான் சொன்னேனா?"

"பொதுவா சொன்னேன். ஊர்ல லேப்பு இருக்குல்ல."

மைத்துனன் தளர்ந்துபோய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். "மாமா, இனிமே ரெண்டு வண்டியையும் நீங்களே பாத்துக்குங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

நாற்காலி கைமாறிவிட்டது. ஆனால் வாத்தியாருக்கு இப்போது ஒரு காருக்குப் பதில் இரண்டு காரில் தூக்கம் வந்தது. மைத்துனனோ சும்மா உட்காரவில்லை. காலையில் ஆறு அவித்த முட்டை தின்றான். பயிற்சி மைதானத்தில் கற்பவர்களின் காரைத் துரத்திக்கொண்டு ஓடினான். துரத்துகிறவனைக் கண்ணாடியில் பார்த்த வங்கி அம்மா பயந்துபோய் வேகத்தைக் கூட்ட, அவனும் கூட்ட, சனிக்கிழமைக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்ட ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் மனைவி இடுப்பில் கைவைத்து முன்னால் நின்றாள்.

"என் தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சு. கல்யாண போட்டோவையே பாத்துட்டு நிக்கிறானாம். அவன் பொண்டாட்டி போன்ல ஒரே அழுகை. நீங்க பாறாங்கல்லு, உங்களுக்கு ஒண்ணும் வராது. அவன் பூ மனசு."

"எல்லாம் சரியாயிரும்."

"தானா எப்படிச் சரியாகும்? நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட சொல்லி வச்சாச்சு. நாலு பேரும் போறோம்."

"எந்த டாக்டர்?"

"உங்க சட்டைப் பையில சீட்டு இருந்துச்சே, இடுப்பு வலின்னு போனீங்களே, அவருதான். தங்கமா பேசினாரு."

வாத்தியாருக்கு உண்மையாகவே இடுப்பு வலித்தது. நாளைக்கு அந்தத் தங்கம் எல்லார் முன்னாலும், "வாங்க சார், ரிசல்ட் வந்துச்சா? வீட்ல சொன்னீங்களா?" என்று கேட்கும். மனைவி திரும்பிப் பார்ப்பாள். மைத்துனன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். பிறகு அந்த நாற்காலி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் ஆபீஸ் சாவியை வாங்கப் போனார். மைத்துனன் தனியாக உட்கார்ந்து ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தான். இந்த வாரம் மை பூசவில்லை. மீசையின் வேர் ஓரம் வெள்ளையாகக் கோடு தெரிந்தது. அதைப் பார்த்ததும் வாத்தியாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இது ஹார்மோன் அழுகையா, தன் அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏன் மாமா அழுவுறீங்க?"

"தூசி."

"எனக்கும் தூசிதான்" என்று மைத்துனனும் மூக்கை உறிஞ்சினான்.

வாத்தியாருக்கு அந்த நிமிஷம் மனசு கேட்கவில்லை. நாற்காலி போனால் போகட்டும், அவன் தலையில் கட்டியதை நாம்தான் இறக்கி வைக்கவேண்டும் என்று முடிவு கட்டினார். முதலில் லேப்பில் பெயரைத் திருத்திக் காகிதம் வாங்குவது, அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்று திட்டம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மாஸ்க் இல்லை, தொப்பி இல்லை. நரைத்த மீசையோடு கண்ணாடித் தடுப்பின் முன்னால் போய் நின்றார்.

"பேரு?"

சொன்னார். கூடம் முழுக்கக் கேட்கும்படி, தன் சொந்தப் பெயரையே சொன்னார். "வேணும்னா மைக்குலயே சொல்லும்மா. ஆண்கள் ஹார்மோன் டெஸ்ட். வியாழக்கிழமை வேற பேர்ல குடுத்துட்டேன், அதைத் திருத்தணும். ரெண்டாவது தடவையும் இன்னிக்கே எடுத்துரு."

பின்னால் இருந்தவர்களில் யாரோ, "நம்ம டிரைவிங் ஸ்கூல்காரரு" என்றார்கள். வாத்தியாருக்கு ஆச்சரியம், உயிர் போகவில்லை.

அவள் பெயரைத் தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள்.

"சார், இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு கவர் இருக்கே. இதே டெஸ்ட்டு. 'போன் நம்பர் வேணாம், நேர்ல வந்து வாங்கிக்கிறேன்'னு எழுதியிருக்கு. எல்லாம் நார்மலா வந்து, வாங்க ஆளில்லாம கிடக்கு."

"நான் என் பேர்ல குடுக்கவே இல்லையேம்மா!"

அவள் அவருடைய நரைத்த மீசையை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள்.

"அதானே பாத்தேன்! புதன்கிழமை இந்தப் பேரச் சொல்லி ரத்தம் குடுத்தவருக்கு மீசை கன்னங்கரேல்னு இருந்துச்சே!"