ஒரு லைஃப்டைம் சிம்மின் அகால மரணம்

“நான் உசுரோடதாம்மா இருக்கேன். என்னைய இல்லன்னு சொல்ல நீ யாரு?” என்று ஆண்டிமடம் கடைத்தெரு கிடுகிடுக்க, தையல் கடை வாசலில் நின்று முழங்கிய வீராதி வீரனை, சிறுவாச்சூர் ஈன்ற சிங்கத்தை, குட்டியானை ஒன்றையே நால்வகைப் படையாகவும் கொண்ட மணிவேலை முதற்கண் வணங்குவோமாக. குட்டியானை என்றால் கரும்பு தின்பதன்று. செங்கல்லும் சீர்சாமானும் சுமக்கும் சின்ன லோடு வண்டி. மத்தகத்தில் இடம் போதாமையால் அதன் பின்புறத்தில் பத்து இலக்கக் கைபேசி எண்ணொன்று மஞ்சள் பெயின்டில் கதிரவனென ஒளிர்ந்தது. பெரம்பலூர் முதல் அரியலூர் வரை அவ்வெண் ஏறாத குட்டிச்சுவர் இல்லை. நல்ல சுவர்களையும் அவன் விட்டதில்லை.

மீசை அரும்பிய பருவத்தில் ‘லைஃப்டைம்’ என்று கூவி விற்ற சிம் கார்டு அது. லைஃப்டைம் என்றால் தன்னுடைய லைஃப்டைம் என்றே நம்பினான் அந்தப் பெருந்தகை. ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கம்பெனி பொழிந்த குறுஞ்செய்திகளை, அம்பு மழையை மார்பில் தாங்கும் மறவனைப்போல் ஏற்றானேயொழிய ஒன்றையும் படித்தானில்லை. வருகிற போன் காலுக்கு எதற்குக் காசு என்பது கொள்கை. பேச வேண்டியதையெல்லாம் மனைவி சம்பூர்ணத்தின் போனில் பேசிக்கொள்வான்.

எண்ணுலக நீதியோ வேறு. மலையும் மணலும் போல எண்களும் அரசின் உடைமை. டெல்லியில் வீற்றிருக்கும் தொலைத்தொடர்புத் துறை அவற்றைக் கட்டுக்கட்டாகக் கம்பெனிகளுக்கு அளக்க, கம்பெனிகள் நமக்கு ஒவ்வொன்றாய்க் கிள்ளித் தர, சும்மா கிடப்பதைத் திரும்ப வாங்கி, சிலகாலம் ஆறப்போட்டு, வேறொருவர் தலையில் சூட்டுவது விதி. அவ்விதிப்படி, கூடுவிட்டுக் கூடு பாயும் உயிரென, மணிவேலின் எண் ஆண்டிமடத்துத் தையற்காரி தேவயானியின் புதுப் போனுக்குள் புகுந்தது.

ஊசிமுனை நாவினளாகிய அந்நங்கை ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டும் போதெல்லாம் போன் அடித்தது. மணிவேல் இருக்காரா என்றார்கள். பாவம், அவள் உள்ளதைத்தான் சொன்னாள்:

“அவரு இல்லீங்க.”

எப்படி, எப்போது என்று துருவ மனமில்லாத நல்லவர்கள் ‘ப்ச்’ கொட்டி வைத்துவிட்டார்கள். அரியலூர் சிமெண்டுக் கடை தர்மன் மட்டும் ரோஜா மாலையோடு சிறுவாச்சூருக்கு பஸ் ஏறி வந்து, வீட்டு வாசலில் ஈரத்துண்டோடு நின்ற ஆளிடம் “எப்பங்க எடுக்குறாங்க?” என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். மணிவேல். மாலையைக் கொடுப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்று அவர் தவித்த தவிப்பைத் தெருவின் அத்தனை ஜன்னல்களும் கண்டு களித்தன. கடைசியில் அது குட்டியானையின் கழுத்தில் விழுந்தது. மாலை சருகான பின்னும் சவாரிக்கு அழைப்பாரில்லை. இறந்தவன் வண்டியை யார் கூப்பிடுவார்? சக்கரத்தில் எறும்பு ஏறியது. உலையில் அரிசி குறைந்தது.

சம்பூர்ணத்தின் போனிலிருந்து தன் எண்ணைத் தானே அழைத்து, மணிவேல் இருக்காரா என்று வினவினான் தலைவன். இல்லீங்க என்று விடை வந்தது. தன் சாவைத் தன் காதாலேயே கேட்டவன் ஊர் பேர் விசாரித்துப் படை கிளப்பினான். அந்தப் படையெடுப்பின் முழக்கந்தான் முதலில் கேட்டது.

“என் நம்பர குடுத்துரு தங்கச்சி.”

“ஆதாரு, பேங்கு, கேஸு எல்லாத்துக்கும் இதத்தாண்ணே குடுத்துருக்கேன். உங்க நம்பருன்னா உங்க பேரா எழுதியிருக்கு?”

“எழுதித்தான் இருக்கு. வண்டிக்குப் பின்னால வந்து பாரு.”

வந்து பார்த்தாள். கடைத்தெருவே வந்து பார்த்தது. மணிவேல் என்றும் எழுதியிருந்தது, நம்பரும் எழுதியிருந்தது.

“வண்டி உங்களுது. நம்பரு கவர்மெண்டுது,” என்றாள், கையில் கத்தரிக்கோலோடு.

வேழப்படை ஓரடி பின்வாங்கியது. பெரம்பலூர் சிம் கடையிலும் இதையேதான் சொல்லி, புது எண்ணொன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“சரி, நம்பர நீயே வச்சுக்க. என்னைய இல்லன்னு மட்டும் சொல்லாத தாயி. பொழப்பு போவுது.”

அவள் கொஞ்சம் இளகினாள். அவனுடைய புது எண்ணைத் தையல் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டாள். அன்றுமுதல், அவர் நல்லா இருக்கார், நம்பர்தான் மாறிப்போச்சு என்று ஈரேழு உலகும் கேட்க அறிவிக்கலானாள். கேட்டவரெல்லாம் புது எண்ணைக் குறித்துக்கொண்டு விலக, தா.பழூர் நெல் வியாபாரி பிரசாத் மட்டும், குறித்ததைத் தொலைத்தேன் என்றும், குறித்ததில் ஓர் இலக்கம் குறைகிறது என்றும், பேனா எழுதவில்லை என்றும், கஜினி படையெடுத்தாற்போல் திரும்பத் திரும்ப அழைத்தவண்ணம் இருக்க, அவளும் ஒவ்வொரு முறையும் முதல் இலக்கத்திலிருந்து பொறுமையாகச் சொல்லிவந்தாள் என்றால் அதன் உட்பொருளை அறியாத அண்டைவீட்டார் அவனியில் உண்டோ.

போன வைகாசியில் தேவயானி பிரசாத்தைக் கட்டிக்கொண்டு தா.பழூருக்குப் போய்விட்டாள், கட்டிலும் பீரோவும் மணிவேல் வண்டியில்தான் போயின.