ஓட்டை டின்னுக்கு ஒரு இண்டென்ட்

'முறைப்படி வரட்டும்' என்பவரை உங்களுக்குத் தெரியும். ஆபீசில் இருப்பார், கோயில் கமிட்டியில் இருப்பார், சிலருக்கு வீட்டிலேயே இருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதுவே கடல் தாண்டி, சாக்கில் தைத்து, முத்திரை குத்தி வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் 1970-இல் அந்தமானில், போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டில் இருந்தார். பெயர் பக்தவத்சலம். உத்தியோகம், வீணாய்ப் போன பொருளை மறுபடி பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது.

ஆணி முதல் அடுப்பு வரை எல்லாம் கப்பலில்தானே வரவேண்டும்? அதனால் தகர வேலைக்காரர், தச்சர், படகு மெக்கானிக் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வகுப்பு. யோசனை நல்ல யோசனைதான். முதல் நாள் பக்தவத்சலம் ஒன்றரை மணி நேரம், மெட்ராஸ் தமிழிலும் ஒரு மாத வயதான இந்தியிலுமாக, கழிவு என்று உலகில் எதுவுமே இல்லை என்று விளக்கினார். ஒன்பது வருஷமாக மண்ணெண்ணெய் டின்னில் அடுப்பு அடித்து விற்ற பொன்னம்மாவும், சைக்கிள் பம்பை வெட்டிப் படகு எஞ்சினில் மாட்டியிருந்த ஜெயமணியும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

எப்போது தகரத்தைத் தொடலாம் என்று பொன்னம்மா கேட்டாள்.

"சாமான் வரணும்மா. இன்ன சாமான் அனுப்புங்கன்னு மெயின்லாண்டுக்கு இண்டென்ட் போட்டிருக்கேன்."

"என்ன சாமான் சார்?"

"ஓட்டை டின், துருப்பிடிச்ச டிரம், கிழிஞ்ச டயர்."

பொன்னம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இவை மூன்றும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. "இதோ கிடக்குதே சார்."

"அது குப்பைம்மா," என்றார்.

அவளுக்கு அவசரம் இருந்தது. புருஷன் துரைசாமி மரமில்லில் கை நசுங்கி வீட்டில் கிடந்தார். சர்க்காரின் படகுப் பட்டறையில் தகர வேலைக்கு பர்த்தி, அதாவது ஆள் எடுப்பு, நடந்தது. மாதக் கடைசிக்குள் பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கப்பலோ வரவில்லை. வந்த கப்பலில் சாமான் வரவில்லை. பக்தவத்சலம் அசராமல் பாடம் நடத்தினார். கூரை ஒழுகியது, அதற்கும் ஒரு இண்டென்ட் எழுதினார். அவர் சாப்பிடப் போன நேரம் பொன்னம்மாவும் ஜெயமணியும் குப்பையிலிருந்து ஒரு தார் டிரம்மை வெட்டி, தட்டி விரித்து, கூரையில் அடித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் காய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, மழை விட்டதே என்று சந்தோஷப்பட்டார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் மூட்டைகள் வந்தன. அவரே பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார். ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் 'போர்ட் பிளேயர்' என்று எழுதியிருந்தது. போன வருஷம் இங்கே ஏலத்தில் போன சரக்கு. தானே கப்பலில் ஏற்றியது என்று ஜெயமணி சொன்னான்.

பக்தவத்சலத்துக்குக் காது சிவந்தது. அந்த நிமிஷம் வாய்விட்டுச் சிரித்திருந்தால் பிழைத்திருப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். அதுதான் முதல் செய்முறைப் பாடம்.

கடைசி நாள் பொன்னம்மா சான்றிதழ் கேட்டாள். செய்முறை நாட்கள் போதவில்லை என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"மேலே பாருங்க சார். அந்தத் தகரம் நான் அடிச்சது. அதுக்கு எழுதிக் குடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். நேர்த்தியான வேலை, ஒரு சொட்டு இறங்கவில்லை. மனம் இளகியது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். பிறகு கேட்டார்: "இது எந்த இண்டென்ட்ல வந்த தகரம்?"

வேலை மெட்ராஸில் சான்றிதழ் வாங்கிய ஒருவருக்குப் போயிற்று. உப்புத் தண்ணீர் தின்ற தகரத்தை எங்கே தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. படகுகளின் ஒழுகும் எண்ணெய்த் தொட்டிகளைப் பட்டறையே பின்வழியாகப் பொன்னம்மா வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அவள் கூலியை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாள். பக்தவத்சலம் பாராட்டுக் கடிதத்தோடு நிக்கோபாரிலுள்ள கேம்பல் பே போனார், அங்கே குடியேறியவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்க.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பிடி கழன்று கிடக்கிறதே ஒரு வாணலி, ஒரு திருகாணி போதுமே, அது எந்தக் கப்பலுக்காகக் காத்திருக்கிறது?