செடித்தொட்டியில் மூன்றரைக் கோடி வருஷம்

கடலடிச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருக்கும் மேதகு டாக்டரம்மா அவர்களின் சமூகத்திற்கு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும் அவர்களுடைய ஒரே கணவனுமாகிய நான் எழுதிக்கொண்டது. நானும் உன் ரோஜாச்செடியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

நீ வெளியூரில் உன் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பும் முன்னே கேட்டு வைத்திருந்த சேறு பெட்டியாக வீட்டுக்கு வந்ததல்லவா? போனில் சொன்னதும், "ஐயோ, அது கடல் சூடு போய் குளிர் வந்த காலத்துச் சேறு! மூன்றரைக் கோடி வருஷம்! பத்திரமா ஃப்ரிட்ஜில வைங்க, ஆள் அனுப்பி வாங்கிக்கறேன்" என்றாய். ஆள் அனுப்புவாயாம். நானே வர்றேன்னு வாயில் வந்ததா? சரி, போகட்டும். ஊரார் ஃப்ரிட்ஜையெல்லாம் குளிர வைக்கிறவனுக்கு நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்க நேரம் ஏது? நீ போனதிலிருந்து அது துணி வைக்கிற அலமாரி. அதனால் பெட்டி பால்கனிக்குப் போனது, அங்கே உன் ரோஜா தலை தொங்கிக் கிடந்தது, அந்த நேரம் பார்த்து உன் தம்பி வந்தான், நான் ஐஸ்கிரீம் கடையிலிருந்து அவசர அழைப்பு வந்து ஓடினேன், திரும்பி வந்தால் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துத் தொட்டியில் கொட்டி, தண்ணீரும் ஊற்றிவிட்டு நிற்கிறான் மகராசன்! "மாமா, அக்கா அனுப்பின மண்ணு சும்மா வெண்ணெய் மாதிரி இருக்கு" என்கிறான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உப்பு ஏறி ரோஜா போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒரு களை தளதளவென்று கிளம்பியிருக்கிறது. சூட்டுக்குப் பழகினவை போனதும் குளிர் தாங்குகிறவை வந்து உட்கார்ந்துகொண்டன என்பாயே, அது நம் பால்கனியிலேயே நடந்துவிட்டது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து அந்த ஓடுகளைக் காட்டினாய். "கடலையே குளிர வச்சாங்கன்னா எத்தனை டன் கம்ப்ரசர்?" என்று கேட்டேன். புரையேறும் வரை சிரித்தாய். அப்புறம், "இந்தச் சேத்து அடுக்குல ஒரு ஓடு இல்லேன்னா அந்த இனமே செத்துப்போச்சுன்னு அர்த்தமா?" என்றேன். "அவசரப்படாதீங்க. சிலது நிஜமாவே அழிஞ்சிருக்கும். சிலது வெதுவெதுப்பான பக்கமா ஒதுங்கியிருக்கும். மேல் அடுக்கையும் பாத்துத்தான் சொல்லணும்" என்றாய்.

இந்த வீட்டை இப்போது யாராவது தோண்டினால் கீழே உன் ஹேர்பின்னும் மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லும் கிடைக்கும். மேலே என் பனியனும் ஸ்க்ரூவும்தான். அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்களாமே, உன் தம்பி சொன்னான். நீ ஒதுங்கியிருக்கிறாயா, ஒரேயடியாகப் போய்விட்டாயா? எந்த மேல் அடுக்கைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது? சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் "வந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். பதில் இல்லாமல் செருப்பைக் கழற்றக்கூட மனசு வரமாட்டேன் என்கிறது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நேரில் வந்து எங்கள் இரண்டு பேரையும் வாயாரத் திட்டிவிட்டுப் போ.

உன் கண்ணும் கழுத்தும் வலியில்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். உன் பேராசிரியருக்கு என் வணக்கம், மைக்ராஸ்கோப்புக்கு என் பொறாமை.

இப்படிக்கு,
வீட்டோடு விடப்பட்டவன்

பி.கு.: உன் தம்பி பாவம், பெட்டி பக்கமே போகவில்லை. ரோஜா மொட்டு விட்டிருக்கிறது. சேறு வந்த அன்றே ஃப்ரிட்ஜுக்குப் புதுக் கம்ப்ரசர் போட்டு, நடுத்தட்டில் அதை ராஜா மாதிரி உட்கார வைத்தாயிற்று. என் பாலுக்கும் தயிருக்கும்கூட இடமில்லை. சேறு போச்சென்றால் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவாய் என்றுதான் இவ்வளவும் புளுகினேன். நீ அதைப் படிக்கிற முகத்தை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. ஆள் அனுப்பு, அப்படியே கொடுத்துவிடுகிறேன். ஆனாலும், என்னைத் திட்ட உனக்கு வேறு காரணமா கிடைக்காது? வாயேன்.