சோர்ஸ் அக்கா கேட்ட எதிர்த்தரப்பு விளக்கம்

தாம்பரத்தில் காலை ரயிலைப் பிடிக்கிற கூட்டம் மொத்தமும் ஒன்று சேர்ந்து ஒருவரைக் கடுப்பேற்ற முயன்றாலும், சோர்ஸ் அக்கா தனியாளாக, ஒரே கேள்வியில் ஏற்றுகிற கடுப்புக்குப் பக்கத்தில் வர முடியாது. மிகை என்று நினைப்பவர்கள் அவரோடு இரண்டு வருஷம் படித்துப் பார்க்கட்டும்.

நான் படித்தேன். நாவலூரில் பல வருஷம் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, நாற்பத்தாறு வயதில், தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஊடகமும் ஆங்கில இலக்கியமும் சேர்ந்த முதுகலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். காலையில் இலக்கியம், மதியம் ஊடகம். ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருந்தால் அது செல்வம் என்பார்கள் காலையில். ரெண்டு அர்த்தம் இருந்தாலே வக்கீல் நோட்டீஸ் வரும் என்பார்கள் மதியம். நாங்களெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் மூளையைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டோம். சோர்ஸ் அக்கா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

இரும்புலியூர்க்காரர். ஒரு செய்திச் சேனலில், வரும் செய்திகளைச் சரிபார்க்கும் டெஸ்க்கில் வேலை பார்த்தவர். சோர்ஸ் என்ன, செய்தி எங்கிருந்து வந்தது, சொன்னது யார் என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைக் ‘கவிஞரே’ என்பார். அந்த ‘ரே’யில் மரியாதை துளியும் கிடையாது.

ஒருநாள் பேராசிரியை, காதலி பிரிந்ததால் நான் செத்தேன் என்று புலம்பும் கவிதை ஒன்றை உருகி உருகி நடத்திக்கொண்டிருந்தார். அக்காவின் கை உயர்ந்தது.

“மேடம், செத்துட்டேன்னு அவரே சொல்றாரே, யார் கன்ஃபார்ம் பண்ணாங்க?”

“அது உருவகம்மா.”

“உருவகம்னு எங்க மேடம் போட்டிருக்கு?”

பேராசிரியை தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்த செமஸ்டரில் அவர் குடித்த தண்ணீருக்கு சிட்லபாக்கம் ஏரி ஓரடி இறங்கியிருக்கும்.

கேன்டீனிலும் இதே கதைதான்.

“அண்ணா, வடை எப்போ போட்டது?”

“இப்பதாம்மா. சூடா கீது.”

“இப்பன்னா எப்போ? யார் பார்த்தாங்க?”

“யக்கா, இன்னா பேஜார் பண்ற! ஒரு வடைக்கு பிரஸ் மீட்டா வெப்பாங்க?”

அந்த விசாரணை முடிவதற்குள், வரிசையில் எனக்கு வரவேண்டிய வடை தீர்ந்துபோயிருந்தது.

இன்னொரு நாள் ஸ்டேஷனில் ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு மாறிவிட்டதென்று ஜனம் மொத்தமும் படியேறி ஓடியது. நானும் பாய்ந்தேன். அக்கா என் பையைப் பிடித்து இழுத்தார்.

“யார் சொன்னது, கவிஞரே?”

“எல்லாரும் ஓடுறாங்களேக்கா!”

“எல்லாரும்ங்கிறது ஒரு ஆளா? பேர் என்ன?”

அவர் ரயில்வே ஊழியரைத் தேடிப்பிடித்து உறுதிசெய்துகொண்டு திரும்பியபோது, உறுதிசெய்யப்பட்ட ரயில் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தைத் தாண்டியிருந்தது.

கடைசி செமஸ்டரில் வகுப்பே சேர்ந்து ஒரு பத்திரிகை கொண்டுவர வேண்டும். பாதி செய்தி, பாதி இலக்கியம். அதில் எழுத்து அச்சாகாதவருக்குத் தேர்ச்சி கிடையாது. ஆசிரியராக யாரைப் போட்டார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நான் முதலில் கொடுத்த ஆங்கிலக் கவிதையில், சிட்லபாக்கம் ஏரியில் ஆயிரம் கொக்குகள் விடியலைத் தைத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஏரிக்கே போய்விட்டார். திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது.

“பதினோரு கொக்கு, கவிஞரே. அதுல ஒண்ணு பிளாஸ்டிக் பை.”

ஆத்திரத்தில், யாரும் எண்ண முடியாததை எழுதினேன். அப்பாவைப் பற்றி. வேலையை விட்டுப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, அப்பா நாற்காலியில் கல்லாக இருந்தார். ஒரு வார்த்தை இல்லை. ஈயை விரட்டுவதுபோல் கையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், இரண்டு ஊர்க்காரர்கள்போல் நாங்கள் வாழ்கிறோம். இதுதான் கவிதை. எழுதி முடித்து, எனக்கே இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டேன்.

அக்கா படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கவிதையில் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“ஒருத்தர் மேல குற்றச்சாட்டு இருக்கு. எதிர்த்தரப்பு விளக்கம் இல்லாம எப்படிப் போடறது?”

“அக்கா, இது கவிதை! என் வலி!”

“வலி உங்களோடது. மௌனம் அவரோடதாச்சே?”

அன்று சாயங்காலமே, நான் வீடு சேர்வதற்குள், அக்கா சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் அப்பாவிடம் கவிதையை நீட்டி, இது பற்றித் தங்கள் கருத்தென்ன என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வகுப்பு வாசலில் என்னை நிறுத்தி, போனில் பதிவுசெய்ததைப் போட்டுக் காட்டினார். அப்பாவின் குரல் கரகரத்தது.

“இங்கிலீஷ் நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா அன்னிக்குக் காலைல நான் பல்லு புடுங்கிட்டு வந்து உட்கார்ந்திருந்தேம்மா. வாய் நிறைய பஞ்சு. அதைக் கடிச்சிக்கிட்டே இரு, பேசாதேன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் பேசலாம்டான்னுதான் கை காட்டினேன். அவன் விருட்டுன்னு எழுந்து போய் ரூமைச் சாத்திக்கிட்டான். அதுக்கப்புறம் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டே திரிஞ்சான். சரி, நம்மகிட்ட பேசப் பிடிக்கலை போலன்னு நானும் விட்டுட்டேன்.”

“பஞ்சு இல்லாம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க சார்?”

பதிவில் அப்பா நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

“தைரியமாப் போடான்னு சொல்லியிருப்பேன்.”

நான் சுவரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“டென்டல் கிளினிக்லயும் விசாரிச்சேன்,” என்றார் அக்கா. “கடைவாய்ப் பல்லு. தேதி ஒத்துப்போவுது. கவிதை நிக்காது, கவிஞரே. நாளைக்குள்ள வேற குடுங்க.”

எரிச்சலில் வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல சோகத்தை, அருமையாக வளர்த்த சோகத்தை, ஒரு கடைவாய்ப் பல் தின்றுவிட்டதே என்ற எரிச்சல். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “படிப்பு எப்படிடா போகுது?” என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. “இன்னும் ஒரு கவிதை பாக்கி” என்றேன். “எழுது. நான் டிவியைக் குறைச்சிக்கிறேன்” என்றார்.

பல்லைப் பற்றியே எழுதினேன். சுமாரான கவிதைதான். அக்கா ஒரு எழுத்தில்கூடக் கை வைக்காமல் போட்டுவிட்டார். நான் தேறிவிட்டேன்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா திடீரென்று கேட்டார்: “அந்தப் பொண்ணு அப்புறம் இந்தப் பக்கமே வரலையே?”

அக்காவுக்கு நானே போன் போட்டேன்.

“என்ன விஷயம், கவிஞரே?”

“ஒண்ணுமில்லக்கா. அப்பா உங்களைத் தேடுறார்.”

“அவர் தேடுறாரா, நீங்க தேடுறீங்களா?”

பழைய கடுப்பு மளமளவென்று ஏறியது. அப்பா எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும்தான்க்கா,” என்றேன்.