கல்யாணப் படத்தில் உன் கார் நின்ற காரணம்

மாத்தளை,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி அஸ்ஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், வீடு சுகம், உன் காரும் சுகம். மூன்றாவதைத்தான் நீ முதலில் தேடியிருப்பாய் என்பதால் அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். டோஹாவில் வெயில் கடுமையாம், தண்ணீர் நிறையக் குடி.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. பேஸ்புக்கில் யாரோ போட்டதை உன் கூட்டாளி காட்டினானாமே. அதில் ரிப்பன் கட்டி நிற்பது உன் கார்தான், மறுக்கவில்லை. அதில் சாய்ந்து நிற்கும் மாப்பிள்ளையும் பொண்ணும் நமக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. நீ எடுத்த நான்கு போன் கோலிலும் "ராத்தா, நம்மட காரை ஹயருக்கு விட்டுக் காசு பாக்குறீங்களா?" என்று கத்தினாயே தவிர, என்னை ஒரு வசனம் முடிக்க விடவில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச ஏலாது. பக்கத்து வீட்டு நதா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கத்தான் காரை விட்டுப் போனாய், கேட்டுக்கு வெளியே எடுக்கச் சொல்லவில்லை. அது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் தம்பி, முஸம்மில் மச்சான் மவுத்தாகி நான் கைம்பெண்ணான இந்த இரண்டு வருஷத்தில் இந்த வீட்டைத் தவிர வேறு எங்கேயும் ஓர் இரவு தூங்கியதில்லை. பென்ஷனும் எடுத்தாயிற்று. வஹகோட்டை ஜெனிட்டாவும் சீகிரியா பிரவீனாவும், என்னோடு ஒரே ஸ்கூலில் படிப்பித்தவர்கள், ஒவ்வொரு லீவுக்கும் வா வா என்று கூப்பிடுகிறார்கள். கூட வர ஆள் தேடித் தேடியே இரண்டு லீவு போய்விட்டது. ஐம்பத்தாறு வயதில் எடுத்த டிரைவிங் லைசன் அலுமாரிக்குள் கிடந்தது. வியாழக்கிழமை சுபஹு தொழுதேன், பிரவீனாவுக்காக முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பச் சட்டியையும் உடுப்புப் பையையும் டிக்கியில் வைத்தேன், பிஸ்மி சொல்லி கேட்டைத் திறந்தேன்.

அலுவிகாரை தாண்டும்வரை இரண்டாம் கியரிலேயே போனேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்த அடியில் மூன்றாவது தானாகவே விழுந்தது. பலாபத்வலையில் இடப்பக்கம் திரும்பி, ஒன்பதரைக்கெல்லாம் வஹகோட்டை. ஜெனிட்டா என்னைக் கட்டிப்பிடித்து, ஊரெல்லாம் பேர்போன தங்கள் வேதக் கோயிலைக் காட்டக் கூட்டிப்போனாள். அன்றைக்கு அங்கே ஒரு கல்யாணப் பூசை. மைதானம் முழுக்க வாகனம். மரத்தடியில் இடம் பார்த்து நிறுத்தினேன். ஒரு மணித்தியாலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து, கதைத்து, அவள் வற்புறுத்தித் தந்த கொண்டைப்பலகாரத்தை வாயில் போட்டபடியே வந்து, மரத்தடி வெள்ளைக் காரைத் திறந்தேன், ஏறினேன், ஸ்டார்ட் ஆனது, போனேன்.

போகப்போக கார் திருந்திக்கொண்டே வந்தது தம்பி. ஸ்டியரிங் இழுக்கவில்லை. மூன்று வருஷமாகச் செத்துக் கிடந்த ஏசி குளுகுளு என்று அடித்தது. சீட் மட்டும் கொஞ்சம் பின்னால் போயிருந்தது, பலகாரம் தின்று கனம் கூடிவிட்டேன் என்று நினைத்தேன். நான் ஓதிய துஆ கபூலாகி அல்லாஹ் காரைச் சீராக்கிவிட்டான் என்று அழுகைகூட வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தம்புள்ளையிலிருந்து கண்டலம குளம்வரை போய், கண்ணாடியை மூடிக்கொண்டு இருபது நிமிஷம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரவீனா வீட்டுக்குப் போய்ச்சேரும்போது பன்னிரண்டரை. அவள் புருஷன் ஜீவராஜ் ஹோட்டலில் சமையல் வேலை, அன்றைக்கு லீவு. சாமான் இறக்க டிக்கியைத் திறந்தவர், "என்ன டீச்சர், கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். உள்ளே தங்க நிற ரிப்பன் கட்டிய சின்னச் சின்ன கேக் பெட்டிகள், நூற்றுக்கணக்கில். நான் கைகால் கழுவி வருவதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பெட்டி முடித்துவிட்டார்கள். ஜெனிட்டா ஆசையாக வைத்திருக்கிறாள் போல என்று நானும் ஒன்றை உடைத்தேன். பிரவீனா பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், ரொஷான், டிலினின்னு போட்டிருக்கே. யாருங்க இவங்க?"

அப்போதுதான் காரை முதல்முறையாகக் கண் திறந்து பார்த்தேன். கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது. நம்பர் வேறு. வட்டிலப்பம் இல்லை. என் உடுப்புப் பை இல்லை. அஸ்ஹர், உன் காரைத் தொலைத்தாயிற்று, வேறொருவர் காரைத் திருடியாயிற்று, போதாததற்கு அவர்கள் கல்யாணக் கேக்கைத் தின்றுமாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பழைய கார், சாவித் துவாரம் தேய்ந்து எந்தச் சாவிக்கும் திறக்கும், ஸ்டார்ட்டும் ஆகும் நிலை. அது எனக்கு எங்கே தெரியும்?

ஜெனிட்டாவுக்குக் கோல் எடுத்தேன். "ஐயோ ஸுபைதா! அது மாப்பிள்ளைட மாமா பெனடிக்ட்ட கார். கலேவல மண்டபத்தில மூணரைக்குக் கேக் குடுக்கணும்!" என்று அவர் போன் நம்பரைத் தந்தாள். அடித்தால் அவர் எடுக்கவில்லை. ஜீவராஜ் கூட வருகிறேன் என்றார். ஏனோ வேண்டாம் என்றேன். நான் செய்ததை நானே போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இனாமலுவ சந்திக்குக் கிட்ட பொலிஸ் கை காட்டியது. காரை ஓரங்கட்டி இறங்கினேன். இப்படியான இடத்தில் எல்லாம் மச்சான்தான் பேசுவார், நான் பக்கத்து சீட்டில் இருந்து சலவாத்து ஓதுவேன். இப்போது சீட்டில் யாரும் இல்லை. பேச்சு சிங்களத்தில் நடந்தது, உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ், காருடைய பேப்பர்?"

"சேர், இந்தக் கார் என்னோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

"நான் இன்னும் அவரைப் பாத்ததில்ல சேர்."

"எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"நான்தான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "பதினாறு வருஷமா ரோட்டில நிக்கிறேன் மிஸ். இதை இவ்வளவு மரியாதையா யாரும் சொன்னதில்ல."

முழுக்கதையையும் சொன்னேன். டிக்கியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் போனில் பெனடிக்டுக்கு அடித்து, எனக்கும் கேட்கும்படி வைத்தார். இந்த முறை எடுத்துவிட்டார், பின்னால் பேண்ட் வாத்தியம்.

"உங்க கார் எங்க?"

"மண்டப வாசல்ல நிக்குது சேர். பொடியன்மார் ரிப்பன் கட்டி, பொண்ணு மாப்பிள்ளையை நிப்பாட்டிப் படம் எடுக்கிறாங்க. ஏசிதான் காலையில இருந்து வேலை செய்யல."

"டிக்கியைத் திறந்து பாருங்க."

டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. உடனே அவர் அலறினார்: "சேர்! கேக் எல்லாம் வட்டிலப்பமா மாறிட்டுது!"

அந்தப் பொலிஸ்காரர் காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் கார் பத்திரமாக இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தையில் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிவிட்டது. "மெதுவாப் போங்க மிஸ், மூணரைக்கு நேரம் இருக்கு" என்று வழி விட்டார்.

மூன்று மணிக்கு கலேவலயில் காருக்குக் கார் மாற்றிக்கொண்டு, ஐந்து பெட்டி குறையும் என்று பெனடிக்ட் ஐயாவிடம் ஒப்புக்கொண்டேன். மனிதர் கோபிக்கவே இல்லை. அவரும் என்னைப் போலவே பார்க்காமல் ஏறிப் போனவர்தானே, எப்படிக் கோபிப்பார்? வட்டிலப்பத்தைத் தலைமேசையில் வைத்து, பொண்ணுக்கு முதல் கரண்டி ஊட்டச் சொன்னார்கள். ஊட்டினேன். அடுத்த நாள் சீகிரியாக் குன்றில் பாதிவரை ஏறி, மூச்சு வாங்கி, பிரவீனாவோடு உட்கார்ந்து குரும்பைத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினேன். சனிக்கிழமை வீடு. அன்றிரவு தூங்கிய தூக்கம் இரண்டு வருஷத்தில் தூங்காத தூக்கம்.

ஆனாலும் எனக்குப் புத்தி வந்துவிட்டது. காரைக் கழுவித் துடைத்து உறை போட்டுவிட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன், இது ராத்தாவின் வாக்கு. நல்ல ஆள் கிடைத்தால் தாராளமாக விற்றுவிடு. மபாஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உன் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

அன்புடன் உன் ராத்தா,
ஸுபைதா.

பி.கு.: நதா கடிதத்தைப் படம் எடுக்க வர இரண்டு நாள் பிந்திவிட்டது. அதற்குள் உறையைக் கழற்றிவிட்டேன். பெற்றோல் அடித்தாயிற்று, பிரவீனாவின் தங்கச்சி திருகோணமலையில் இருக்கிறாளாம், நாளைக் காலை புறப்படுகிறேன். தனியாகத்தான். காரை வாங்க வருகிற ஆளை அடுத்த மாதம் வரச் சொல், அல்லது வரவே வேண்டாம் என்று சொல்.