மீசையுள்ள பி.எஸ்ஸி., மீசையில்லாத பி.இ.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பட்டம் போதாமல் போயிற்று. தெருவுக்குப் பத்துப் பட்டதாரிகள். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மக்களின் இந்தக் குறையைப் போக்கும் உயரிய நோக்கத்துடன் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒன்றில் மூன்று வருடம் இயற்பியல், மற்றதில் இரண்டு வருடம் பொறியியல். முடிவில் இரண்டு பட்டமும் சேர்ந்து வரும். மில் தொழிலாளி சங்கையா தன் ஒரே மகன் வீரணனை அதில் சேர்த்துவிட்டார்.

ஐந்து வருடம் கழித்து வீரணன் ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டதாரிகள் பதிவு அலுவலகத்துக்குப் போனான். அங்கே பதிந்தால்தான் சர்க்கார் வேலை. இல்லாவிட்டால் அப்பாவோடு மில்லுக்குப் போக வேண்டியதுதான்.

எழுத்தர் சுயம்புலிங்கம் இரண்டு சான்றிதழையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே தேதி போட்டிருக்கே?"

"ஒப்பந்தப்படி ரெண்டையும் ஒண்ணாத்தான் குடுத்தாவ சார்."

"ஒரே நாள்ல ஒரு ஆள் ரெண்டு எடத்துல எப்படிப் பட்டம் வாங்குவான்? வாங்குனது ரெண்டு பேரு."

"ரெண்டும் நான்தான் சார்."

"அதாம்ப்பா. பேரு ஒண்ணு, அப்பா பேரு ஒண்ணு, பொறந்த தேதி ஒண்ணு. இரட்டைப் பிள்ளைகளுக்குத்தான் இப்படி அமையும்."

"இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பேரா சார் வைப்பாவ?"

"அது உங்க குடும்ப விசயம். ஆபீஸ் தலையிடாது."

மறுநாள் பெற்றோர் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். அம்மா வெள்ளைத்தாய்க்குக் கோபம் தாங்கவில்லை. "நான் பெத்தது ஒண்ணு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றது வாய் வார்த்தை. இது சர்டிபிகேட்டு" என்றார் சுயம்புலிங்கம், மிகுந்த மரியாதையோடு.

சங்கையா யோசித்தார். இரண்டு பேர் பதிந்தால் ஒருத்தனுக்காவது வேலை வரும். 'மேற்படி இருவரும் என் புதல்வர்களே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டுடியோவில் வீரணன் மீசையோடு ஒரு படமும், மீசையை எடுத்துவிட்டு ஒரு படமும் எடுத்துக்கொண்டான். மீசையுள்ளவன் பி.எஸ்ஸி. மற்றவன் பி.இ.

அடுத்த வருடம் சுயம்புலிங்கம் ஓய்வு பெற, அந்த நாற்காலியே பி.எஸ்ஸி. வீரணனுக்குக் கிடைத்தது. மீசையைப் பழையபடி வளர்த்துக்கொண்டு வேலையில் சேர்ந்தான்.

ஆறு மாதத்தில் பி.இ. வீரணனுக்கும் உத்தரவு வந்தது. பொறியாளர் வேலை, மூன்று மடங்கு சம்பளம். ஆளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது பதிவு அலுவலகம். கோப்பு பி.எஸ்ஸி. வீரணன் மேசைக்கே வந்தது.

வீரணனுக்கு வயிற்றெரிச்சல்தான். இரண்டும் நானே என்று சொன்னால் பொய் வாக்குமூலத்துக்காக இருக்கிற வேலையும் போகும். மீசையை எடுத்துவிட்டு எதிரில் போய் நின்றால், இந்த நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்ப்பது யார்? மூன்று நாள் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் பேனாவை எடுத்து, 'விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லை. நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதினான். கையெழுத்து அழகாக விழுந்தது.

அன்று சாயங்காலம் வெள்ளைத்தாய் சோற்றைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே, நீ ஒரு வழியா உக்காந்துட்ட. அந்த மீசையில்லாத சின்னவனுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

வீரணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஆபீசுக்கு நேர்ல வரச் சொல்லும்மா."