மகனுக்குப் பார்த்த மண் பெண்

என்றும் என் வணக்கத்துக்குரிய மூத்த அண்ணன் ஈசாகு அவர்களுக்கு, தம்பி தோமேகிச்சி தலை தாழ்த்தி எழுதுவது. ஆப்பிள் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டது. ஹிரோசாகியில் உங்கள் மூட்டுவலி மழைக்கு முன்பே வந்துவிட்டதா, அண்ணி முன்போலவே உங்களைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்களா? இங்கே நானும் என் வீட்டுக்காரி ஹட்சுயோவும் நலம். அதாவது, சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

விஷயம் கத்சுமியின் கல்யாணம். டோக்கியோவில் வேலை பார்த்த சுரங்கப் பாதை அவன் தலையில் இடிந்து விழாமல் இருந்திருந்தால் இந்த மாதம் அவனுக்கு முப்பது முடிந்திருக்கும். கல்யாணமாகாமல் செத்த பையன் மேலுலகத்தில் தனியாகக் கிடந்து தவிப்பான், செத்த பிள்ளைகளைக் காக்கும் ஜிஸோ சாமியின் திருநாளன்றே கோயிலில் ஒரு பெண் பொம்மையை அவன் படத்தோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று ஹட்சுயோ ஒற்றைக்காலில் நின்றாள். பெண் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானோ ஆப்பிள் மரத்துக்குக் கிளை வெட்டத் தெரிந்தவன், பெண்பிள்ளைகள் உடுப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் கிமோனோ கடையில் துணி மடித்த உங்களை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. பழைய சாமான் விற்கும் நகஹத்தாவிடம் போனேன். ஒரு முழ உயரத்தில் நிற்கும் பெண், சுட்ட மண், அடியில் பாதி தேய்ந்த முத்திரை. முகத்தில் பளபளப்பே இல்லை, மனுஷத் தோல் மாதிரி மங்கல். "போருக்கு முந்தின ஹக்காத்தா ஊர்ச் சரக்கு, இப்ப யாருக்கும் இந்த முகம் வராது" என்றான். கறுப்பு கிமோனோ, பாதத்தை ஒட்டி நாரையும் பைன் மரமும், இடுப்பில் தங்கப் பட்டை. இவ்வளவு அலங்காரம் மணப்பெண்ணைத் தவிர யாருக்கு இருக்கும் என்று வாங்கிவந்துவிட்டேன்.

ஹட்சுயோ பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "கிமோனோக் கையைப் பாத்தீங்களா? இவ்ளோ குட்டையா இருக்கு. கன்னிப்பொண்ணுக்குக் கை கணுக்கால் வரைக்கும் தொங்கணும். கல்யாணம் ஆனாத்தான் வெட்டித் தைப்பாங்க. இவ இன்னொருத்தன் பெண்டாட்டி!" என்றாள். வாசலோடு போன தையல் டீச்சர் ஓசனாய் அம்மாவை நானே கூப்பிட்டேன், பொம்பளைக்குப் பொம்பளை ஏதாவது நல்லதாகச் சொல்ல மாட்டாளா என்ற ஆசையில்தான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், குலச்சின்னத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"கறுப்பு, அஞ்சு சின்னம், வேலைப்பாடு எல்லாம் கீழ மட்டும். தோமேகிச்சி அண்ணே, இது யாரு தெரியுமா? கல்யாணத்துல மாப்பிள்ளையோட அம்மா உடுத்துற உடுப்பு. நீங்க பொண்ணு எடுக்கப் போயி மாமியாரை எடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"மாமியாருன்னா நான் இருக்கேனே. அதுக்கு எதுக்கு பொம்மை? என்னையே பெட்டியில வச்சு அனுப்பிடுங்க" என்றாள் ஹட்சுயோ. ஓசனாய் அம்மா சிரித்தாள். ஹட்சுயோ சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகச் சொன்ன மாதிரியும் எனக்குத் தெரியவில்லை, அண்ணா.

சரி, நாமே ஒப்பேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் வெள்ளைக் கைக்குட்டை இரண்டை வெட்டி, சோற்றுப் பசையைத் தடவி, கறுப்பு வெளியே தெரியாமல் சுற்றி, தலைக்கும் மணப்பெண் முக்காடு மாதிரி ஒன்று போட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது, கொஞ்சம் பல்வலிக்காரி சாயல், அவ்வளவுதான். பெருமையாகக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் குருவிடம் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "தோமேகிச்சி, வலப்பக்கத்தை மேல போட்டு மூடியிருக்கே. உயிரோட இருக்கறவங்களுக்கு இடப்பக்கம்தானே மேல வரும்? இது பொணத்துக்கு உடுத்துற முறைப்பா" என்றார். அறுபத்தாறு வருஷமாகத் தினமும் சரியாக உடுத்துகிறவன் நான். கை எப்படித் தவறியது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியாக நான் இன்னொருவருக்கு வெள்ளை உடுத்திவிட்டது கத்சுமிக்குத்தான். கைக்கு அதுதான் பழக்கமாக இருந்திருக்கிறது. பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பொம்மை மட்டும் கூடையில் இருந்தது.

வீட்டில் சொன்னதற்கு ஹட்சுயோ, "செத்தவனுக்குச் செத்தவ, பொருத்தம் பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு முள்ளங்கி நறுக்கப் போய்விட்டாள். பசையைச் சுரண்டும்போது காது ஓரம் ஒரு சில்லு போய்விட்டது. நகஹத்தா திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறான், மோசக்காரன், குருட்டுக் கிழவனை ஏமாற்றிவிட்டான். ஆகவே அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: கை நீண்டு தொங்கும், வெள்ளை உடுத்திய, யாரும் குறை சொல்ல முடியாத நல்ல குடும்பத்துப் பெண்ணாக ஒன்றை ஹிரோசாகியில் பார்த்து வாங்கி, திருநாளுக்கு முந்தின பஸ்ஸில் நீங்களே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு நாம் செய்யப்போகும் ஒரே கல்யாணம். அதில் பிசகு கூடாது.

அண்ணிக்கு என் வணக்கம். மழைக்காலம் முழுவதும் உங்கள் உடம்பு குறைவில்லாமல் இருக்க இங்கிருந்தே வேண்டிக்கொள்ளும்,
தம்பி,
கசாய் தோமேகிச்சி

பின்குறிப்பு: பொம்மை வாங்க வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். மேலே எழுதியதில் பாதி பொய். நகஹத்தா என்னை ஏமாற்றவில்லை. கடையில் கை தொங்கும் கன்னிப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். "ஐயா, இது கல்யாணம் ஆனவ உடுப்பு, பையனுக்கு ஆகாது" என்று அவன் தலைதலையாக அடித்துக்கொண்டான். இதைத்தான் கட்டிக்கொடு என்றேன். கத்சுமி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான் அண்ணா, நாலு வருஷத்துக்கு முன்னால். ரிட்சுகோ என்று பேர், புருஷனை இழந்தவள். "இன்னொருத்தன் வீட்டுல வாழ்ந்தவ இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று வாசலிலேயே சொன்னேன். அவள் கொண்டுவந்த பலகாரத்தையும் பிரிக்காமல் கையில் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விட்டார்கள், அதன்பிறகு அவன் பெட்டியில்தான் வந்தான். பசையும் கைக்குட்டையும் ஊர் வாயை மூடத்தான். அவன் கேட்டது கல்யாணம் ஆன பெண்ணை, அதைத்தான் வைக்கப்போகிறேன். ஹட்சுயோவிடம் நீங்கள் சொல்லுங்கள், எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவள் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். பிள்ளை ஏன் அப்புறம் வீட்டுப்பக்கமே வரவில்லை என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.